உச்சிக்கு முந்நூறு அடி



1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் மலோரி என்னும் ஆங்கிலேயர் அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் சொற்பொழிவு ஆற்றினார். பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். 1921ஆம் ஆண்டிலும் 1922ஆம் ஆண்டிலும் எவரெஸ்ற் மலைக்குச் சென்று மீண்டவர். விளக்கொளியில் திரைமீது படங்களைக் காட்டி, பனியையும் பாறையையும் கண்டிராத மக்களுக்கு அவற்றின் இயல்பை எடுத்துரைத்தார். அப்பயணத்தாற் பெருந்தொகை சேரும் என எதிர்பார்த்தனர், சேர்ந்தது சொற்பமே. ஆயினும் மலையேற்ற வரலாற்றில் மிகப் பெயர்பெற்ற விடை ஒன்று அப்பயணத்தின்போதே பிறந்தது. எவரெஸ்ற்றில் ஏற விரும்புவது எதற்காக என்று கேட்டவருக்கு, அம்மலை அங்கே இருக்கின்றது, அதனாற்றான் என்ற பொருள்பட அவர் விடை கூறியதாக நியூயோர்க் பத்திரிகையொன்று அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்டது.

அன்றுதொட்டு மலையேறி ஒருவர் மேடையேறினால் சபையோர் கேட்கும் முதல் வினா அதுவாகவே இருந்துவருகின்றது. எதற்காக ஏறுகிறீர்? இவ்வினாவுக்கு எவரும் முற்றாக விடையளித்ததாக நான் அறியேன். மலோரியின் விடையுங்கூட, அலுத்துப்போன ஒருவர் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூறியதோ என்று ஐயுறத் தோன்றுகின்றது. உயர்ந்த மலைகளில் ஆண்டுக்கணக்காக ஏறியிறங்கிய ஒருவர் நம்முன் வந்து நிற்பாராயின், அவரிடம் கேட்கத்தக்க பயனுள்ள வினா வேறொன்று உண்டு. எங்கே திரும்பினீர்? எதைக் கண்டு திரும்பினீர்?

இவ்வினாவுக்கு மேடைகளிலும் நூல்களிலும் ஒளிவுமறைவின்றி விடையளித்தவர் ஒருவர் உளர். அமெரிக்கராகிய எட் வீஸ்ரர்ஸ் என்பவரே அவர். உலகில் எண்ணாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் பதினான்கு. அவை அனைத்திலும் செயற்கை ஒட்சிசன் இன்றி ஏறிய முதல் அமெரிக்கர் இவர். 1989ஆம் ஆண்டிற் கஞ்சன்ஜங்காவிற் தொடங்கி, 2005ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் அன்னபூர்ணாவில் முடித்தார். இவர் எண்ணாயிரம் மீற்றர் மலைகளுக்கு மேற்கொண்ட பயணங்கள் ஏறத்தாழ முப்பது. அவற்றுள் மூன்றில் ஒரு பங்களவு உச்சி காணாது திரும்பியவை. அத்திரும்பல்களைப்பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அவற்றை விளங்கிக்கொள்வதற்கு முதலிற் காற்றைப்பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

நம் நாட்டில் மிக உயர்ந்த மலை பீதுருதாலகால. அதன் உயரம் 2,524 மீற்றர். அதன் அடிவாரமாகிய நுவரெலியாவுக்குக் கொழும்பிலிருந்து போனவர்கள், மாடிப்படி ஏறும்போது வழக்கத்திலும் சற்று விரைவாக மூச்சு வாங்குவதை உணர்ந்திருப்பர். அங்கே பருப்பு வேகச் சுணங்கும் என்பதை இல்லத்தரசிகள் அறிவர். காற்றின் அமுக்கம் குறையக் குறைய நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகின்றது. எவரெஸ்ற் உச்சியில் நீர் ஏறத்தாழ 70 பாகை சதமஅளவையிற் கொதிக்கும்.

உயரத்தில் ஒட்சிசன் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. காற்றில் ஒட்சிசனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஒன்றே. நூற்றுக்கு 21 அளவினது. குறைவது காற்றின் அமுக்கம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசத்தைத் தாங்கும் வளிமண்டலம் எவரெஸ்ற் உச்சியில் எவ்வளவைத் தாங்கும் என்பதை 1981ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் கிறிஸ் பிஸோ என்னும் அமெரிக்க வைத்தியர் உச்சியிலேயே நின்று அளந்தார். 253 மில்லிமீற்றர் எனக் கண்டார். மூன்றில் ஒரு பங்கு. அங்கே ஒருவர் மூன்று முறை மூச்செடுத்தால், இங்கே நாம் ஒரு முறை எடுப்பதற்குச் சமமான ஒட்சிசனே அவருடைய சுவாசப்பையை அடைகின்றது.

இதிலும் ஒரு விந்தை உண்டு. பூமத்தியரேகைக்கு அண்மையில் வளிமண்டலம் சற்றுத் தடிப்பாகவும் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மெல்லியதாகவும் உள்ளது. எவரெஸ்ற் வட அகலக்கோடு 28 பாகையில் நிற்பதனாற்றான் அங்கே அவ்வளவு அமுக்கமாவது இருக்கின்றது. அதே மலை அலாஸ்காவில் நின்றிருக்குமாயின், ஒட்சிசன் உருளையின்றி எவரும் அதன் உச்சியை மிதித்திருத்தல் அரிது. மனித உடல் தாங்கத்தக்க எல்லையும் உலகின் அதியுயர் சிகரமும் மயிரிழை வேறுபாட்டிற் பொருந்தி நிற்கின்றன.

உடல் இக்குறைவுக்கு ஓரளவு தன்னைப் பழக்கிக்கொள்ளும். மூச்சு விரையும், வாரங்கள் செல்லச் செல்லச் செங்குருதிக் கலங்கள் பெருகும். மலையேறிகள் அடிவார முகாமுக்கும் மேல்முகாம்களுக்கும் இடையே ஏறியும் இறங்கியும் ஒரு மாதத்துக்கு மேல் கழிப்பது இதற்காகவே. ஆனால் எண்ணாயிரம் மீற்றருக்கு மேல் எப்பழக்கமும் உதவாது. அங்கே தங்குமளவும் உடல் தேய்ந்துகொண்டே போகும். உணவு செரியாது, உறக்கம் வாராது. சுவாசப்பையில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். அவ்வெல்லைக்கு மேற்பட்ட பகுதியைச் சாவு வலயம் என்றே அழைக்கின்றனர்.

உயரம் மனிதனிடமிருந்து முதலிற் பறித்துக்கொள்வது எதை? கால்வலிமையை என்று நினைப்போம். அதற்கு முன்னரே மதிநுட்பத்தைப் பறித்துவிடுகின்றது. பறிகொடுத்தவருக்கு அது தெரிவதும் இல்லை. இதற்கு உள்ளத்தை உலுக்கும் சான்றொன்று மலையேற்ற வரலாற்றுக்கு வெளியே இருக்கின்றது.

1875ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 15ஆம் நாள் பாரிசு நகரிலிருந்து 'செனித்' என்னும் வாயுக்கூண்டு வானில் எழுந்தது. கஸ்தோன் திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவேல் என்னும் மூவர் அதிற் சென்றனர். மேலே காற்று மெலியும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஒட்சிசன் நிரப்பிய பைகளையும் கையோடு கொண்டுசென்றிருந்தனர். எண்ணாயிரம் மீற்றரை நெருங்கியபோது திசாந்தியே ஒட்சிசன் குழாயை எடுக்க விரும்பினார். கை எழவில்லை. உயரத்தைத் தோழருக்குச் சொல்ல வாயெடுத்தார். நா அசையவில்லை. மயங்கி விழுந்தார். அவர் விழித்தபோது மற்றை இருவரும் மாண்டு கிடந்தனர். உயிர் தப்பிய அவரும் செவிப்புலனை இழந்தார். துன்பம் எதனையும் தாம் உணரவில்லை என்றும், உள்ளத்தில் ஒருவகைக் களிப்பே நிறைந்திருந்தது என்றும் அவர் பின்னர் விவரித்தார். மூழ்குபவன் தத்தளிப்பான், நெருப்பிற் பட்டவன் அலறுவான். உயரம் கொல்லும்போது மனிதன் மகிழ்ந்திருக்கின்றான்.

ஆகவே, திரும்புவதா மேலே செல்வதா என்ற தீர்ப்பை உச்சிக்கருகில் நின்று எழுதுதல் ஆபத்தானது. அதனை எழுதவேண்டிய மூளை அங்கே நம்வசம் இராது. இதனை உணர்ந்த மலையேறிகள் தீர்ப்பைக் கீழேயே எழுதிக்கொண்டு செல்கின்றனர். இன்ன நேரம் வந்ததும், எங்கே நின்றாலும் சரி, திரும்பிவிடுவது. எவரெஸ்ற்றின் தெற்குப் பக்கத்திற் பெரும்பாலும் அது பிற்பகல் ஒரு மணியாகவோ இரண்டு மணியாகவோ அமையும். 7,900 மீற்றர் உயரத்திலுள்ள தெற்குக் கணவாயிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவோருக்கு, உச்சிக்குப் போய்வரப் பகல் முழுவதும் வேண்டும். உருளையில் ஒட்சிசன் அளவோடுதான் இருக்கும். பிற்பகலில் முகில் திரண்டு எழுவது வழக்கம். இரவானாற் குளிர் கைவிரல்களையும் கால்விரல்களையும் உறையச் செய்துவிடும். இவற்றையெல்லாம் கூட்டிக்கழித்துப் பெற்ற எண் அது. உச்சியை அடைந்தவருக்குப் பயணத்தின் பாதியே முடிந்திருக்கும். எஞ்சிய பாதி, களைத்த கால்களோடும் மங்கிய அறிவோடும் கடக்கவேண்டியது. எண்ணாயிரம் மீற்றருக்கு மேல் நேர்ந்த மரணங்களில் மிகப்பல, இறங்கும்போதே நேர்ந்தன.

திரும்பினோர் வரலாறு மலோரியின் காலத்திலேயே தொடங்குகின்றது. 1924ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் நாள், எட்வேட் நோட்டன், ஹவார்ட் சோமர்வெல் என்னும் இருவர் செயற்கை ஒட்சிசன் இன்றி வடக்குப் பக்கமாக எவரெஸ்ற்றில் ஏறினர். இவர்களுள் சோமர்வெல் நமக்கு முற்றும் அந்நியரல்லர். இலண்டனிற் பயின்ற சத்திரவைத்தியராகிய அவர், 1922ஆம் ஆண்டுப் பயணத்தின் பின் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், வைத்தியசாலை வாயிலிற் காத்துக் கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு, இலண்டன் வாழ்வைத் துறந்து அங்கேயே தங்கிவிட்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மக்களுக்கு இருபது ஆண்டுக்கு மேலாகச் சத்திரசிகிச்சை செய்த கை, எவரெஸ்ற்றிற் பனிக்கோடரி பிடித்த கையாகும். பிற்காலத்தில் வேலூர் வைத்தியக் கல்லூரியிலும் அவர் பணியாற்றினார்.

அன்று நண்பகல் அளவில் சோமர்வெல்லுக்குத் தொண்டை அடைத்து மூச்சு முட்டியது. அவர் பாறையில் அமர்ந்துகொண்டு, நோட்டனைத் தனியே செல்லும்படி கூறினார். நோட்டன் இன்னும் ஒரு மணி நேரம் சென்றார். கண்ணுக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தோன்றின. அடி வைக்கும் இடம் எதுவென ஐயம் எழுந்தது. பிற்பகல் ஒரு மணிக்கு, 8,570 மீற்றர் உயரத்தில், திரும்பினார். உச்சிக்கு இன்னும் முந்நூறு மீற்றர் கூட இருக்கவில்லை. நீண்டகாலம் அவ்வுயரமே செயற்கை ஒட்சிசன் இன்றி மனிதன் எட்டிய எல்லை எனப் பேசப்பட்டது.

இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டை முற்றாக அடைத்துக்கொண்டது. குரலெழுப்பவும் இயலவில்லை. முன்னே சென்ற நோட்டன், தம் தோழர் சித்திரம் எழுதுவதற்காகப் பின்தங்கினார் என்று எண்ணிக்கொண்டார்; சோமர்வெல் நல்ல ஓவியருமாவார். சாவை எதிர்பார்த்துப் பனியிலே குந்தியிருந்தவர், இறுதி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் அழுத்தினார். குளிரால் உறைந்து பிய்ந்த தொண்டையின் உட்சவ்வு வெளியே வந்து விழுந்தது. மூச்சு மீண்டது. நான்கு நாள் கழித்து, யூன் 8ஆம் நாள், மலோரியும் அன்ட்ரூ ஏர்வின் என்னும் இளைஞரும் மேலே சென்றனர், மீளவில்லை. மலோரியின் உடல் 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மலைச் சரிவிற் கண்டெடுக்கப்பட்டது. அவர்கள் உச்சியை அடைந்தனரா என்பதைப்பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. நெய்யூரில் எத்தனை பேர் நோட்டனின் பெயரை அறிவர்? ஆயினும் அந்த ஒரு மணித் தீர்ப்பு இல்லாதிருந்தால், அவ்வூர் வைத்தியர் ஊர் திரும்பியிருப்பாரா என்பது ஐயமே.

1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹில்லரியும் எவரெஸ்ற் உச்சியை அடைந்ததை யாவரும் அறிவர். அதற்கு மூன்று நாள் முன்னர், அதே குழுவைச் சேர்ந்த ரொம் போடில்லன், சாள்ஸ் எவன்ஸ் என்னும் இருவர் 8,750 மீற்றர் உயரமுள்ள தெற்குச் சிகரத்தில் நின்றனர். அதற்கு முன் அவ்வளவு உயரமான சிகரத்தில் மனிதர் எவரும் நின்றதாக அறியப்படவில்லை. பிரதான உச்சி கண்ணெதிரே, நூறு மீற்றர் உயரத்தில், இருந்தது. மணி ஒன்று. எவன்ஸின் ஒட்சிசன் கருவி பழுதுபட்டிருந்தது. போனால் திரும்புவதற்கு ஒட்சிசனும் இராது, பகலும் இராது. திரும்பினர். இன்னும் சிறிது முயன்றிருக்கலாமோ என்ற எண்ணம் போடில்லனை விட்டு நீங்கவில்லை எனக் கூறுவர்.

எவன்ஸின் பெயர் பின்னர் வேறொரு வகையிலும் நிலைத்தது. 1955ஆம் ஆண்டிற் கஞ்சன்ஜங்காவுக்குச் சென்ற குழுவுக்கு அவரே தலைவர். அம்மலை சிக்கிம் மக்களுக்குத் தெய்வத்தின் உறைவிடம். உச்சியை மிதிப்பதில்லை என்ற வாக்குக் கொடுத்தே குழுவினர் புறப்பட்டனர். மே 25ஆம் நாள் ஜோர்ஜ் பாண்ட், ஜோ பிறவுண் என்னும் இருவர் உச்சிக்குச் சில அடி கீழே, தடை எதுவும் இல்லாத இடத்தில், நின்றுவிட்டனர். பின்வந்த குழுக்கள் பலவும் அவ்வழக்கத்தைப் பின்பற்றின.

இனி வீஸ்ரர்ஸிடம் வருவோம். இவர் பிறந்து வளர்ந்தது மலையற்ற சமவெளி நாட்டில். பள்ளிப் பருவத்தில், அன்னபூர்ணாவில் முதன்முதல் ஏறிய பிரெஞ்சுக்காரராகிய மொரிஸ் ஹேர்சொக் எழுதிய நூலைப் படித்து மலைமேல் மோகம் கொண்டார். மிருக வைத்தியம் கற்றுப் பட்டம் பெற்றார். றேனியர் மலையிற் பிறரை வழிநடத்தித் தொழில் பழகினார். 1987ஆம் ஆண்டு, தமது இருபத்தெட்டாம் வயதளவில், எவரெஸ்ற்றின் வடக்குப் பக்கமாக முதன்முறை ஏறினார். உச்சிக்கு ஏறத்தாழ முந்நூறு அடி. வானொலி நிலையத்துக் கம்பம் ஒன்றின் உயரம் எனக் கொள்க. கொண்டுசென்ற கயிறு முடிந்துவிட்டது. எதிரே நின்ற பாறையில் தம்மால் ஏற முடியும் என்று அவர் அறிந்தார். கயிறின்றி இறங்க முடியாது என்பதனையும் அறிந்தார். திரும்பினார். அடுத்த ஆண்டு மீண்டும் சென்றார். அம்முறையும் உச்சி வாய்க்கவில்லை. 1990ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாளே உச்சியை மிதித்தார்.

உச்சிக்குச் செல்வது விருப்பத்தைப் பொறுத்தது, உயிரோடு இறங்குவது விலக்கமுடியாத கடமை என்ற கருத்தை அவர் மேடைதோறும் சொல்லிவந்திருக்கின்றார். கேட்போர் கைதட்டுவர். நல்ல வாசகந்தான், அதனாலேயே அதன்மேல் எனக்குச் சிறிது ஐயம் உண்டு. கேட்க இனிய வாசகம் சங்கடமான இடங்களை மூடிவிடுகின்றது. அவருடைய வாழ்க்கையில் அவ்வாசகத்தைவிட அறிவூட்டும் நிகழ்ச்சிகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, அவர் வெற்றிபெற்ற நாள். 1992ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 16ஆம் நாள், உலகின் இரண்டாவது உயரமான 'கே-2' சிகரத்தில், ஸ்கொற் பிஷர், சார்ளி மேஸ் என்னும் தோழருடன் ஏறிக்கொண்டிருந்தார். கீழிருந்து முகில் எழுந்து சூழ்ந்தது. பனி பொழியத் தொடங்கியது. புதுப்பனி சரிவில் ஏறினாற் பனிச்சரிவு நிகழும் என்பதை மற்றெவரையும்விட அவர் அறிவார். வயிற்றில் ஏதோ பிசைவதுபோன்ற உணர்ச்சி. இன்னும் சிறிது பார்ப்போம், இன்னும் சிறிது பார்ப்போம் என்று தீர்மானத்தை ஒத்திப்போட்டுக்கொண்டே சென்றார். ஒத்திப்போட்டபடியே உச்சியையும் அடைந்துவிட்டார். இறங்கும்போது பனி ஆழமாக விழுந்திருந்தது. எக்கணமும் சரிவு பெயரலாம். பெயரவில்லை. மூவரும் பிழைத்தனர். உலகம் அதனை வெற்றி என எழுதியது. வீஸ்ரர்ஸோ, தம் மலைவாழ்க்கையிற் செய்த பெரும்பிழை அன்று திரும்பாமையே என்று பின்னர் கூறினார். தப்பிப் பிழைத்தமையால் தாம் செய்தது சரியாகிவிடாது என்பது அவர் கொள்கை.

இரண்டாவது, அவர் திரும்பிய நாள். 2002ஆம் ஆண்டில், அன்னபூர்ணாவின் நீண்ட கிழக்கு மலைமுதுகில் நால்வர் இருந்தனர். முன்னே நின்ற சரிவு வீஸ்ரர்ஸுக்கும் அவர் தோழராகிய பின்லாந்துக்காரர் வெய்க்கா குஸ்தாவ்சனுக்கும் நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை. இருவரும் திரும்பினர். பிரெஞ்சுக்காரராகிய ஜோன்-கிறிஸ்தோப் லபாய், ஸ்பானிய நாட்டவராகிய அல்பேர்த்தோ இஞுராத்தேகி ஆகிய மற்றை இருவரும் அதே பனியின்மேல் நடந்து சென்றனர். உச்சியை அடைந்தனர், பத்திரமாக மீண்டும் வந்தனர். அவ்வாறாயின் வீஸ்ரர்ஸ் தவறிழைத்தாரா? பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், ஆம் எனல் வேண்டும். வீஸ்ரர்ஸ் அதற்காக நாணவும் இல்லை, தம் தோழரைக் குறைகூறவும் இல்லை. அவர்கள் கண்ட ஆபத்து வேறு, தாம் கண்ட ஆபத்து வேறு என்றே கொண்டார். மூன்றாண்டு கழித்து வேறு வழியால், குஸ்தாவ்சனுடன், அன்னபூர்ணாவில் ஏறினார். லபாய் 2006ஆம் ஆண்டு சனவரியில், கடுங்குளிர் காலத்தில், மகாலு மலையிற் தனியே ஏறச் சென்று காணாமற்போனார். இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து ஒருவரை அறிவாளி என்றும் மற்றவரை மூடர் என்றும் முடிவுகட்டுவது எளிது. அது நியாயமாகாது. லபாய் அக்காலத்து மலையேறிகளுள் மிகச் சிறந்த ஒருவர்.

திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வது எளிது, குறித்தபடி திரும்புவது அரிது என்பதை 1996ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டு வீஸ்ரர்ஸ், டேவிட் பிறஷேர்ஸ் என்பவர் தலைமையில், பெருந்திரைப் படம் எடுக்கும் குழுவோடு எவரெஸ்ற்றுக்கு வந்திருந்தார். மே மாதத்தின் முற்பகுதியில் மேல்முகாமொன்றை அடைந்த அக்குழுவினர், உச்சியில் வீசிய காற்றைக் கண்டு, காத்திருப்போம் என்று கீழே இறங்கினர். வழியில், மேலே ஏறிக்கொண்டிருந்த இரு குழுக்களைச் சந்தித்தனர். ஒன்றுக்குத் தலைவர் நியூசிலாந்துக்காரராகிய றொப் ஹோல். மற்றதற்குத் தலைவர் 'கே-2' மலையில் உடன் ஏறிய ஸ்கொற் பிஷர். இருவரும் வீஸ்ரர்ஸின் நண்பர்கள்.

றொப் ஹோல் கவனக்குறைவான மனிதரல்லர். முந்திய ஆண்டு, தெற்குச் சிகரத்தின் அருகே வரை சென்ற தம் குழுவினரை, நேரமாகிவிட்டது என்று திருப்பி அழைத்து வந்தவர் அவர். அப்படித் திருப்பப்பட்டவருள் ஒருவர் 1996ஆம் ஆண்டு மீண்டும் அவருடன் வந்திருந்தார். மே 10ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணி கடந்தது. மூன்று மணியும் கடந்தது. அந்த ஒருவர் இன்னும் மேலே வந்துகொண்டிருந்தார். அவரை இரண்டாம் முறையும் திருப்ப ஹோலுக்கு மனம் வரவில்லை போலும். நாலு மணி கடந்தபின் இருவரும் உச்சியில் நின்றனர். பெரும்புயல் வந்து சூழ்ந்தது. இருவரும் மாண்டனர். பிஷரும் மாண்டார். மலையின் இருபக்கத்திலுமாக எட்டு உயிர்கள் அப்புயலில் மறைந்தன. கொல்லுவதற்குக் கொடுமையே வேண்டுமென்பதில்லை. சில வேளைகளில் இரக்கமும் போதும்.

ஹோல் தெற்குச் சிகரத்தருகே, நடக்க இயலாதவராய், உயிரோடிருந்த மணித்தியாலங்களில், கீழேயிருந்து கம்பியில்லாத் தந்திக் கருவி வாயிலாக அவரை எழுந்து நடக்குமாறு கெஞ்சியவர்களுள் வீஸ்ரர்ஸும் ஒருவர். பிறஷேர்ஸ், தம் படக்குழு தெற்குக் கணவாயிற் சேமித்துவைத்திருந்த ஒட்சிசன் உருளைகளைத் தவித்துக்கிடந்தோர் எடுத்துக்கொள்ளும்படி அறிவித்தார். குழுவினர் மேலேறிச் சென்று, குளிரால் உறுப்புக்கள் கருகியிருந்த இருவரை இறக்கிவர உதவினர். படமெடுக்கும் முயற்சி அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆயினும் மே 23ஆம் நாள் வீஸ்ரர்ஸ் உருளையின்றி எவரெஸ்ற் உச்சிக்குச் சென்றார். போகும் வழியில் முதலிற் பிஷரின் உடலும் பின்பு ஹோலின் உடலும் பனியிற் கிடந்தன. இறங்கும்போது ஒவ்வொருவர் அருகிலும் சிறிது நேரம் அமர்ந்திருந்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம், அவர் ஏன் அவ்வாண்டு வீடு திரும்பவில்லை என்ற வினா எனக்குள் எழுகின்றது. திரும்பும் கலையில் வல்லவர், திரும்புவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? நண்பர்களின் மரணத்தோடு அம்மலையின் கதை முடிந்துவிடக்கூடாது என்று கருதியதாகவும், அன்று வானிலையும் பனியும் இடங்கொடுத்தன என்றும் அவர் கூறியிருக்கின்றார். துயரம் ஒரு காரணமாகலாம். ஆனாற் பனியின் நிலையை அது மாற்றாது என்பது அவருடைய கணக்கு. என்னால் அக்கணக்கை முற்றாக ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

இவையெல்லாம் பிற நாட்டார் கதைகள் என்று நேயர்கள் எண்ணலாம். நம் நாட்டிலிருந்தும் எவரெஸ்ற்றுக்குச் சென்றோர் உளர். 2016ஆம் ஆண்டு ஜயந்தி குரு உதும்பால, ஜொஹான் பீரிஸ் என்னும் இருவர் ஒன்றாகப் புறப்பட்டனர். அவ்வாண்டு மே மாதம் 21ஆம் நாள் ஜயந்தி உச்சியை அடைந்து, அங்கு நின்ற முதல் இலங்கையரானார். அச்செய்தி நாடெங்கும் பரவியது, பரவியதும் முறையே.

உடன் சென்ற ஜொஹான் பீரிஸ் ஏறத்தாழ 8,400 மீற்றர் வரை ஏறியிருந்தார். நோட்டன் நின்ற உயரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே ஒட்சிசன் போதாது எனத் தெரிந்தது. உச்சிக்கு நானூற்று ஐம்பது மீற்றரளவே எஞ்சியிருந்தது. கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தார். தோழி மேலே சென்றுகொண்டிருந்தார். அவர் திரும்பிக் கீழே இறங்கினார்.

இரண்டாண்டு கழித்து மீண்டும் சென்றார். 2018ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் உச்சியை அடைந்தார். அங்கிருந்து இறங்கியும் வந்தார்.